வேனுக்குள் வெளிச்சம்

வேன் ஓட்டுநரின் மனைவிக்குக் காது கேட்காது. கணவனின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். பொழுது சாய்ந்தபின் அவளைத் தையல் வேலையிலிருந்து கூட்டிவரும் வழியில்தான் பேச்சு நின்றுபோகும். மேல்விளக்கின் அழுமூஞ்சி மஞ்சளில் அவன் உதடு தெரியாது.

அதற்காகவே எல்இடி பல்பு வாங்கி மாட்டினான். எரியவில்லை.

"போச்சு, கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்," என்று முணுமுணுத்தான்.

செல்போன் வெளிச்சம் பிடித்திருந்த மனைவி அதைப் படித்துவிட்டாள். "அவரை ஏன் திட்டுறீங்க? கடிகாரத்துல பேட்டரிய மாத்திப் போட்டா ஓடுமா? இந்தப் பல்புக்கும் பிளஸ், மைனஸ் உண்டு, திருப்பி மாட்டுங்க."

திருப்பினான். வேன் பளிச்சென்றானது.

"தெரியுதா?"

"மீசையில டீ ஒட்டினதுகூடத் தெரியுது. இனி வீடு வர்ற வரைக்கும் உங்க புராணந்தானா?"

வண்டியைக் கிளப்புமுன்பே அவன் ஆரம்பித்துவிட்டான்.