உதவி நாற்காலியில் ஸ்டெல்லா டீச்சர்

போன சனிக்கிழமை ஸ்டெல்லா டீச்சருக்குத் துணையாக பேங்குக்குப் போயிருந்தேன். விவேக் நகரில் எங்கள் பக்கத்து வீடு. திங்கட்கிழமை காலை சர்ச்சில் அவர் மகளுக்குக் கல்யாணம். நகையெல்லாம் பேங்க் லாக்கரில். சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு லீவு. அன்றைக்கு எடுத்தால்தான் உண்டு.

எங்கள் ஏரியாவில் பாதிப் பேருக்கு அப்பா காலத்திலிருந்தே அந்த பேங்க்தான். முன்பெல்லாம் உள்ளே நுழைந்தாலே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, ஏ.சி. வந்திருக்கிறது... நிமிர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.

லாக்கர் திறக்க இரண்டு சாவி வேண்டும் — நம்முடையது ஒன்று, பேங்கினுடையது ஒன்று. பேங்க் சாவியை வைத்திருக்கும் ஆபீசர் கம்ப்யூட்டர் டிரெயினிங்கில் இருக்கிறாராம். "மண்டே வாங்க மேடம்" என்றார் கவுன்ட்டர்காரர், ஸ்கிரீனைப் பார்த்தபடியே. மேனேஜரோ மீட்டிங்கில். நானாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? வாசலருகே 'உங்களுக்கு உதவலாமா?' என்று போர்டு வைத்த மேஜை ஒன்று, வழக்கம்போல் ஆளில்லாமல் கிடந்தது. நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்!

உடனே ஒரு பெரியவர் வந்து, டி.டி. எங்கே எடுப்பது என்று கன்னடத்தில் கேட்டார். "மூரனே கவுன்ட்டர், ஹோகி சார்" என்று கன்னடத்திலேயே அவரை மூன்றாவது கவுன்ட்டருக்கு அனுப்பினார் டீச்சர். அடுத்து ஓர் ஆட்டோக்காரர். "பாஸ்புக்ல என்ட்ரி போட ரெண்டு வாரமா அலையறேன் மேடம்." டீச்சர் வகுப்பறைக் குரலை எடுத்தார். "செகண்ட் கவுன்ட்டர்... இவருக்கு என்ட்ரி போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார்கள்! மேஜை முன்னால் கியூவே நின்றுவிட்டது. சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார்.

"மேடம், இது ஸ்டாஃப் சீட்."

"தெரியும் சார். ஸ்டாஃப் வந்ததும் எழுந்துக்கறேன்."

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"இதை யாராச்சும் முன்னாடியே கேட்டிருந்தா, நான் எதுக்கு சார் இங்க உட்காரப் போறேன்?"

மனிதர் அசடு வழிந்தார். டிரெயினிங் எங்கே நடந்தது என்கிறீர்கள்? அதே கட்டடத்தில், மாடியில்! சாவி இறங்கி வந்தது. நகைப் பெட்டியோடு டீச்சர் லாக்கர் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. குரலில் கோபமே இல்லாமல் ஒரு பேங்கையே வேலை வாங்கிவிட்டாரே!

நாற்காலி மறுபடி காலி. கியூ மட்டும் கலையவில்லை. கடைசியில் நின்றவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்:

"நல்லா வேலை பாக்கறவங்கள ஒரு நாள் முழுசா விட்டு வெக்கறாங்களா பாருங்க சார்... அதுக்குள்ள டிரான்ஸ்ஃபர்."