என் கணவரின் கோட்டையை நான் காத்த நாட்கள்

என் கணவர் ஐந்து மாதமாக வேலைக்கே போகவில்லை என்பது, சர்க்கரை பார்க்க வந்த ஓர் அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நெல்லித்தோப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது நான் வேலை பார்த்தேன். ரத்தம் எடுப்பது, ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது இரண்டும் என் பொறுப்பு. அந்த அம்மாள் கையை நீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க வூட்டுக்காரருக்கு லீவாம்மா? எம் பையனைத் தேடிக்கிட்டு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்க உக்காந்து கேம் ஆடிக்கிட்டு இருந்தாரு. தினமும் வர்றாராமே?"

"வேற யாராவது இருக்கும்."

"இல்லம்மா, அவருதான். பக்கத்துல பச்சைக் கூடையில டிபன் பாக்ஸ் கூட இருந்துச்சே."

அந்தப் பச்சை ஒயர் கூடை நான் பின்னியது. தினமும் காலை ஏழரைக்கு அதில் சோறு கட்டிக் கொடுத்து, தொழிற்பேட்டை பஸ்ஸுக்கு அவரை நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நேராக அங்கே போனேன். பிராட்பேண்ட் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. மாடிப்படி ஏறி, கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். உள்ளே பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் யூனிபார்ம் சட்டை போட்ட பையன்கள். எல்லோரும் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசித் தடுப்பில் என் கணவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையோடு முகம் ஒட்டுவதுபோல் குனிந்திருந்தார். திரையில், மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு சின்ன ஊர். வயல், களஞ்சியம், சுற்றிலும் மதில்.

"நாப்பத்தேழு வயசாவுது. பசங்களோட உக்காந்து பொம்மை விளையாட்டா?" என்று கேட்டேன். என் குரல் கட்டுப்பாட்டில் இல்லை. "பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அசிங்கமா இல்லங்க உங்களுக்கு?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை மௌஸை விடவில்லை.

"சத்தம் போடாத. ஒரு நிமிஷம் இரு. படை திரும்பி வந்துக்கிட்டு இருக்குது."

பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் எனக்குப் பத்தடி பின்னால் வந்தார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள், கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை மாதச் சம்பளம்போல் என்னிடம் தந்துவந்தாராம். "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

"சொல்லாம விளையாடப் போயிட்டீங்க" என்றேன். அதன் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. மறுநாள் காலை ஷேவ் செய்துகொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கூடையை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. திரும்பி வரவே இல்லை.

இரண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த ஏட்டு கேட்டார்: "குடிப்பாரா?"

"இல்லைங்க."

"வேற பொம்பளை சகவாசம்?"

"இல்லைங்க. கேம் விளையாடுவாரு. கம்ப்யூட்டர்ல."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க பையனையாம்மா சொல்றீங்க?" என்றார். இல்லை, வீட்டுக்காரரைத்தான் என்றேன். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

பஸ் ஸ்டாண்ட், பெரியாஸ்பத்திரி, கடற்கரைக் கருங்கற்கள் எல்லா இடமும் நானும் மகளும் தேடினோம். நான்காம் நாள், பிள்ளைச்சாவடியில் ஓர் ஆண் உடல் ஒதுங்கியிருப்பதாக ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். படகுகளுக்கு நடுவே மணலில், வலைத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவரின் கால் எப்படியிருக்கும் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. துணியை விலக்கினார்கள். அவர் இல்லை. அங்கே நின்றிருந்த மீனவப் பெண் என்னைத் தாங்கிப் பிடித்து, "உன் ஆளு இல்லம்மா, எழுந்திரு" என்றாள். அது வேறு யாருடைய ஆளோ என்ற எண்ணம் கூட எனக்கு வரவில்லை. சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். போக வேறு இடம் இல்லை. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அக்கா, அண்ணன் பாஸ்வேர்டு அந்த மெஷின்லயே சேவ் ஆயிருக்குது. தொறந்து காட்டவா?"

அந்தச் சின்ன ஊர் திரையில் வந்தது. களஞ்சியம் காலி. மதில் பாதி இடிந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வந்து கொள்ளையடித்துவிட்டுப் போனதாகச் சிவப்பு எழுத்தில் வரிசையாகக் குறிப்புகள். கடைக்காரர்தான் அந்த விளையாட்டை எனக்கு விளக்கினார். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து ஆடுவது. ஆளுக்கு ஓர் ஊர். நாம் உறங்கினாலும் விளையாட்டு நடந்துகொண்டே இருக்கும். பத்து நாளுக்கு மேல் யாரும் உள்ளே வராவிட்டால் அந்த ஊரையே அழித்துவிடுவார்கள்.

பிறகு கடிதங்களைத் திறந்தார். பதினோரு கடிதம், எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'தலைவரே எங்க போனீங்க?' 'தலைவரே நீங்க இல்லாம அடிக்கிறாங்க.' 'தலைவருக்கு உடம்பு சரியில்லையா?'

"யாருப்பா தலைவர்?"

"அண்ணன்தாங்க்கா. அறுபது பேரு கூட்டணிக்குத் தலைவர். சண்டை எப்போ, சமாதானம் எப்போ எல்லாம் அண்ணன் சொல்றதுதான்."

இருபத்திரண்டு வருஷம் மெஷின் ஓட்டிய கம்பெனியில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் அவரிடம் பேசிய விதம் உங்களுக்குத் தெரியும்.

"அண்ணன் எங்க இருந்தாலும் இதை விட மாட்டாருக்கா" என்றார் கடைக்காரர். "என்னிக்காவது உள்ள வருவாரு. அதுவரைக்கும் ஊரு அழியாம நீங்க பார்த்துக்குங்க. நீங்க பண்ணாத வேலை எதாவது இதுல நடந்திருந்துச்சுன்னா, அவரு வந்திருக்காருன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கடைசித் தடுப்பில் உட்கார்ந்தேன். வயலை உழவைத்தேன், மதிலைக் கட்டினேன். அன்று சிரித்த பையன்களே வந்து, "ஆன்ட்டி, முதல்ல களஞ்சியத்தை மறைக்கிற குழி வெட்டுங்க" என்று சொல்லித் தந்தார்கள். கூட்டணிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதம் எழுதினேன்: 'நான் அவர் மனைவி. அவரைக் காணோம். ஆடும்போது மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.'

இந்த விளையாட்டை ஆடுவது வேலைவெட்டி இல்லாத பையன்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள், என் காலியான களஞ்சியத்துக்கு யாரோ கோதுமை அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம்: 'அக்கா, நானும் பொம்பளதான். இங்க எல்லாரும் என்னை ஆம்பளன்னு நினைச்சிட்டிருக்காங்க. தலைவருக்கு மட்டும் தெரியும்.' கணவன் பிரான்சில் இருக்கிறான், தானும் அங்கே போக விசா பேப்பர் வரும் என்று நான்கு வருஷமாக மாமியார் வீட்டில் காத்திருக்கிறாள். வேலையெல்லாம் முடிந்த பிற்பகலில் ஆடுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் இன்னொருவர், தவளக்குப்பம் முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர். மற்ற நாட்களில் அவருடைய ஊரையும் என் கணவர்தான் பார்த்துக்கொண்டாராம்.

ஒரு மதியம் கைத்தடியோடு ஒரு பெரியவர் மாடி ஏறி வந்தார். வயது எழுபதுக்கு மேல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற, எங்கள் ஊரில் சொல்தா என்கிறோமே, அப்படி ஒருவர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

"மதாம், நானும் உங்க வீட்டுக்காரர் கூட்டணிதான்" என்றார். "அவரு எனக்கு எல்லாம் எழுதுவாரு. கம்பெனி மூடினது, உங்ககிட்ட சொல்ல முடியாம இருந்தது, எல்லாம் எனக்குத் தெரியும்மா."

"உங்களுக்கு எப்போ சொன்னாரு?"

"மூடின அன்னிக்கே."

முகம் தெரியாத ஒரு மனிதருக்கு அன்றைக்கே. எனக்கு ஐந்து மாதம். கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் போன பதினெட்டாம் நாள், மதில் நான் விட்டுப்போனதைவிட ஒரு படி உயர்ந்திருந்தது.

நான் செய்யவில்லை. கடைக்காரரும் செய்யவில்லை. உயிரோடு இருக்கிறார். இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவருக்கு எப்படி எழுதுவது? அவருடைய கணக்கிலிருந்தே அவருக்குக் கடிதம் அனுப்ப முடியாதாம். ஊரின் பெயரை மாற்றலாம் என்று ஒரு பையன் சொன்னான். ஊரின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தில், 'மன்னிச்சிடுங்க' என்று அடித்தேன்.

மறுநாள் திறந்தபோது ஊரின் பெயர் மாறியிருந்தது. 'என்னால முடியல' என்றிருந்தது.

அந்த இரண்டு சொல்லை என்னவென்று எடுத்துக்கொள்வது? வீட்டுக்கு வர முடியவில்லை என்றா? மன்னிக்க முடியவில்லை என்றா? பிள்ளைச்சாவடி மணலில் கிடந்த கால் கண்ணுக்குள் வந்தது. 'எங்க இருக்கீங்க' என்று மாற்றினேன். அன்றும் பதில் இல்லை, அடுத்த நாளும் இல்லை. மதிலும் உயரவில்லை. மூன்றாம் நாள், பரிசோதனை நிலையத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை தவறான இடத்தில் குத்திவிட்டேன். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் மாடி ஏறினேன்.

கூட்டணியில் எல்லோரும் தேடினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பஞ்சர் கடைக்காரர் தன் கடையைப் பூட்டிவிட்டு, கடலூர் ரோட்டில் இருந்த பிரௌசிங் சென்டர்கள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கியிருக்கிறார். கடலூரில் ஒரு கடையில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஆடும் வயசாளி ஒருவர் வருவார், பக்கத்துக் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் என்று சொன்னார்களாம்.

தகவல் வந்த மறுநாள் காலைப் பஸ்ஸில் கடலூர் போனேன். மண்டபத்து வாசலில் பந்தல்கால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், முதலாளியைப் பார்த்து எழுவதுபோல.

"வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"வந்து?"

"வந்து இருங்க. அவ்வளவுதான்."

"நீ சுவிட்ச அணைச்சதுக்காக நான் வூட்ட விட்டு வரல" என்றார். தரையைப் பார்த்துப் பேசினார். "அந்தப் பசங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டும். ஆனா நீ என்னைப் பார்த்த பார்வை இருக்குதே. நான் யாரோன்ற மாதிரி பார்த்த. எனக்கும் அப்போ நான் யாரோன்னுதான் தோணிச்சு."

நான் பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவர் அன்று வரவில்லை. மாதம் முடிந்தால்தான் விடுவார்கள் என்றார். எட்டு நாள் கழித்து, ஒரு துணிப்பையோடு அவராகவே வந்தார். மகள் கதவைத் திறந்தாள். "சாப்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அவர் காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை தேடப் போவார், வருவார். ஒரு வாரம் கழித்து, ஊரை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். வந்து பார்க்கச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அழிச்சிடு" என்றார்.

"அவங்கல்லாம் உங்களைத் தேடுறாங்கங்க."

"அதான் சொல்றேன். அழிச்சிடு. அங்க இருக்கற ஆளை நினைச்சா இங்க இருக்க முடியல."

என் கையால் செய்ய மாட்டேன் என்றேன். அவரே வந்து, கூட்டணியைச் சொல்தா பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். உடனே அழியாது. மூன்று நாள் கெடு. அதற்குள் மனம் மாறினால் நிறுத்திவிடலாம்.

இரண்டு நாளும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் நிறுத்திவிடுவது என்ற முடிவோடு மாடி ஏறினேன். அவர் எனக்கு முன்பே வந்து, கடைசித் தடுப்பில் உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. மௌஸ் அவர் கையில் இருந்தது. நான் நாற்காலி இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டணிக்காரர்கள் களஞ்சியம் நிரம்ப நிரம்பக் கோதுமை அனுப்பியபடி இருந்தார்கள்.

"நிறுத்துங்களேன்" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. நேரம் முடிந்ததும் திரை வெளுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் வந்தது. அவர் பெயரை அடித்துப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை என்று வந்தது. மறுபடியும் அடித்தார். மூன்றாவது தடவை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.