மூவாயிரம் ரூபாய்க் கையெழுத்து

உள்ளறையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூடத்து மின்விசிறி வேகம் குறைந்து நின்றது.

“மறுபடியும் டிரிப்பர் வுழுந்துடுச்சு சார். காலையிலேர்ந்து இது அஞ்சாவது வாட்டி,” என்றாள் ஜமுனா.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஹரிஹரன் தலையைத் தூக்கவில்லை. பொன்னேரியில் அவருக்கு ஒரு கடை. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு லைசென்ஸ். புதுப்பித்த வீட்டின் வயரிங்கைச் சோதித்து, பாதுகாப்பாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் மின்வாரியம் நிரந்தர இணைப்புக் கொடுக்கும். அந்த எழுத்துக்கு விலை மூவாயிரம். அவர் வந்து பத்து நிமிடமாயிற்று. ஒரு சுவிட்சைக்கூடத் தொடவில்லை. படிவத்தின் கட்டங்கள் மட்டும் மளமளவென்று நிரம்பிக்கொண்டிருந்தன.

“புதுச் சொவுரு, ஈரம் இருக்கும்மா. அந்த டிரிப்பரைக் கழட்டிட்டு நேராப் போட்டுரு. அப்பால வுழாது.”

“கரண்ட்டு கசிஞ்சா ஆளைக் காப்பாத்தத்தானே சார் அதை வெச்சிருக்குது?”

“உனுக்கு ஃபேன் ஓடணுமா, வாணாவா?”

ஜமுனாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினான்கு வயதிலிருந்து கடலோரத்து உப்பு ஏரியில் இறங்குகிறாள். வலை கிடையாது, படகு கிடையாது. பறி என்ற ஓலைக்கூடையின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பாள். விரலில் பட்டது இறாலா, சிப்பியா, நண்டா என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் உப்புத்தண்ணீர் சொட்டும்.

அவளோடு இறங்கியவள்தான் நாத்தனார் சாந்தி. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏரியிலிருந்து வந்த ஈரத்தோடு கிரைண்டரைத் தொட்டாள். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்ட முடியாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும்போதெல்லாம் ஜமுனாதான் தட்டை வாங்கி ஊட்டுவாள். ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போட்டபோது பழைய வயர்களையெல்லாம் பிடுங்கி எறியச் சொன்னது அந்தக் கைக்காகத்தான். மூவாயிரம் என்றதும் பேரம் பேசாமல் சரி என்றதும் அதற்காகத்தான். யாராவது மறந்துபோய் ஈரக்கையால் எதையாவது தொட்டாலும் இனி உயிர் போகாது என்று, விவரம் தெரிந்த ஒருவர் சோதித்துச் சொல்வார் என்று நம்பினாள்.

விவரம் தெரிந்தவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

எட்டாவது வரை படித்த ஜமுனா படிவத்தை எட்டிப் பார்த்தாள். எர்த் என்ற வரிக்கு நேரே ஓர் எண் இருந்தது.

“இது இன்னா சார்?”

“எர்த்து எவ்ளோ நல்லாக்கீதுன்றதும்மா.”

“மிஷினை வெக்காமயே தெரிஞ்சிடுச்சா?”

ஹரிஹரன் சிரித்தார். ஏழைகள் கேள்வி கேட்டால் சிரிப்பதற்கென்றே சிலர் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்கள். அழுகிய மீனின் நாற்றம் அதைவிட மேல்.

“இந்த வாரம் லைட்ஹவுஸ் குப்பத்துல மட்டும் ஆறு வூடு. எல்லாத்துக்கும் இதே நம்பர்தான். உப்பு மண்ணும்மா. ஆணி அடிச்சாலே எர்த்து.”

பக்கத்தில் கைகட்டி நின்ற அவள் புருஷன் தங்கவேல் பல்லைக் காட்டினான். “அதான் சார். நான்கூட பழைய எர்த்து பைப்பையே வுட்டு வெச்சிட்டேன். உப்பு மண்ணு தானா இழுத்துக்கும்.”

“எல்லாம் புச்சா மாத்திட்டேன்னு சொன்னியேய்யா.”

“மண்ணுக்குள்ள கீறதை யாருடி பாக்கப்போறா?”

அந்த ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. உப்பு மின்சாரத்தை இழுக்கும் என்பது மெய்தான். அதே உப்பு இரும்பைத் தின்னும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நங்கூரம் இளைத்துப்போவதை வருடா வருடம் பார்க்கிறவர்கள். சொந்த வீட்டுச் சுவருக்கு அடியிலும் அதே உப்புதான் என்பது மட்டும் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

ஜமுனா மெயினை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். எர்த் குழிமேல் இருந்த கல்லை நகர்த்தி, மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டாள். ஏரிச் சேற்றைத் தடவும் அதே நிதானத்தோடு விரல்கள் குழாய் வழியே கீழே இறங்கின. முழங்கைக்கு மேல் கொஞ்ச தூரம். அப்புறம் குழாய் இல்லை. வெறும் சேறு. இழுத்தாள், ஆடுகிற பல் போல வந்துவிட்டது. அடிப்பக்கம் ஊறிய ரொட்டியாக உதிர்ந்தது.

அந்தத் துண்டைக் கொண்டுவந்து ஹரிஹரன் மடியிலிருந்த படிவத்தின் மேல் வைத்தாள்.

“இதான் சார் உங்க நம்பரு.”

அவர் துள்ளி எழுந்தார். “இன்னாம்மா இது, பேண்ட்டெல்லாம் சேறு.”

“சேறு கழுவினாப் போயிடும். அவ கையைப் பாருங்க.”

சத்தம் கேட்டு நிலைப்படிக்கு வந்திருந்தாள் சாந்தி. ஹரிஹரன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்லில்கூட ஒரு கணம் ஈரம் கசிந்திருக்கும்.

“கட்டட வேலைக்குக் குடுத்த கரண்ட்டு இந்த மாசத்தோட முடியுது. நான் போடலைன்னா மழை முச்சூடும் இருட்டுதான். கையெழுத்து வேணுமா, வாணாவா?”

“போட்டுருங்க சார். பைப்பை அப்பால மாத்திக்கலாம்,” என்று தங்கவேல் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தான். ஜமுனா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இந்தக் காசுல புச்சு பைப்பு எறக்கறேன். அதுக்கப்புறம், குந்தின எடத்துலயே எழுதாத ஆளாப் பாத்துக் கூட்டியாறேன். அதுவரைக்கும் வெளக்கு ஏத்திக்கிறோம்.”

“திரி நான் போடறேன் அண்ணி,” என்றாள் சாந்தி. “எடது கை இருக்குதே.”

ஹரிஹரன் நனைந்த படிவத்தைக் கசக்கினார். “படிக்காததுங்க வூட்டுக்கு வந்தேன் பாரு,” என்று முணுமுணுத்தபடி வாசலில் இறங்கினார். தங்கவேல் சமாதானம் சொல்லப் பின்னாலேயே ஓடப் பார்த்தான்.

“நீ எங்கய்யா போற? மம்முட்டியை எடுத்துக்கினு கொல்லைக்கு நட.”

தெருவில் பைக் உறுமிக் கிளம்பியது. புதுக் கதவு ஈரத்தில் உப்பியிருந்தது. ஜமுனா தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டி அதைச் சாத்தினாள்.