மாமா காவல் நின்ற வார்டு வாசல்

எங்கள் மாமாவைப் போல ரூல்ஸ் பேசுகிற ஆளை மைசூர் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அம்மாவின் தம்பி, கொள்ளேகாலில் வளர்ந்தவர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் செக்யூரிட்டி. அவர் நிற்கும் வார்டு வாசலில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று கன்னடத்தில் ஒரு பலகை தொங்கும். எனக்கு அப்போது எட்டு.

அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து உள்ளே கிடந்தார். அம்மா பாஸைக் காட்டிவிட்டுப் போனாள். மாமாதானே என்று நானும் பின்னாலேயே நுழையப் பார்த்தேன். கையை நீட்டி மறித்துவிட்டார்.

"அக்கா மவளா இருந்தாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தான் கண்ணு. போய் அந்த பெஞ்சுல உக்காரு."

பெஞ்சில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக்காரி. அவள் அம்மா உள்ளே, மூன்று நாளாகக் கண்ணே திறக்கவில்லையாம். அவளையும் காலையில் மாமா விடவில்லையாம், அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மத்தியானம் ஒரு நர்ஸ் வேகமாக வந்து மாமாவின் காதில் ஏதோ சொன்னார். மாமா தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பா புட்டி", வாம்மா குட்டி என்று கன்னடத்தில் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! சொந்த மாமா. பலகை எனக்கு மட்டும்தானா? அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல, நடந்ததை ஒன்றுவிடாமல் கன்னடத்தில் ஒப்பித்தேன்.

மறுநாள் முதல் மாமாவுக்கு வாகன நிறுத்தத்தில் வேலை, மொட்டை வெயிலில். வேலையே போயிருக்கும், நர்ஸ் கெஞ்சியதால் தப்பித்தது என்றாள் அம்மா. என்னோடு சரியாகப் பேசவில்லை. மாமாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

"நான் பொய்யா சொன்னேன் மாமா?"

"ஆரு சொன்னா? நீ சொன்னது பூராம் நெசம். அந்த சூப்பர்வைசர் செஞ்சதும் சரிதான்."

"அப்ப நீங்கதான் தப்பு."

"இருக்கட்டும் சாமி. உங்கப்பா அடுத்த வாரம் ஊட்டுக்கு வந்துருவாரு. நீ அங்கயே பாத்துக்கலாம்."

"அவளும் அதே மாதிரி அவங்கம்மாவ வீட்டுல பாத்துக்க வேண்டியதுதானே?"

மாமா விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. பேச்சில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவர் மூடியில் எடுத்து வைத்த பாதி முட்டையையும் வாங்கித் தின்றேன்.