ரமாபாய் தள்ளிவிட்ட பெண்

ரமாபாய் ஓட்டும் ஷேர் ஆட்டோ டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை போகும். வழியில் எர்ணாவூர் திருப்பத்தில் காத்தூன் பீவியின் வீடு. வண்டி வருவதைப் பார்த்துவிட்டால் காத்தூன் பீவி வாசற்படியிலிருந்து எழுந்து வந்து ரோட்டில் காறித் துப்புவாள். ரமாபாயும் லேசுப்பட்டவள் இல்லை. அந்த வீட்டைத் தாண்டும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டாள். தினம் வரும் பயணிகளுக்கு இது பழகிப்போயிற்று. புதிதாக ஏறுகிறவர்கள்தான் திகைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. காத்தூன் பீவி அதே வாசலில் இடியாப்பக் கடை வைத்திருந்தாள். காலையில் முதல் சவாரி முடிந்ததும் ரமாபாய்க்கு அங்கேதான் நாஷ்டா. தேங்காய்ப்பால் தீர்ந்துவிடும் என்று காத்தூன் பீவி அவளுக்காக ஒரு தம்ளர் எடுத்து மூடி வைத்திருப்பாள்.

ரமாபாய் புளியந்தோப்பில் பிறந்தவள். அப்பா பரசுராமன் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். சம்பளம் வாங்கினால் வீட்டுக்குச் சிறுவர் புத்தகம் ஒன்றும் வரும். அவற்றில் வந்த வீரர்கள் யாருக்கும் பயமே கிடையாது. யாரையும் விட்டுவிட்டும் வரமாட்டார்கள். "இவனுங்களுக்கு மூத்திரமே வராதா நைனா?" என்று கேட்டு அவள் தலையில் குட்டு வாங்கியதுண்டு. கல்யாணமாகி எர்ணாவூருக்கு வந்தாள். கட்டியவன் இன்னொருத்தியோடு போனபின் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் காலை, காத்தூன் பீவியின் தெருக்கோடியில் இருந்த இறால் கிடங்கில் குளிரூட்டும் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் தொண்டைக்குள் மிளகாயைக் கரைத்து ஊற்றியதுபோல் எரிந்தது. ஸ்டாண்டில் நின்ற மற்ற வண்டிகளெல்லாம் வந்த வழியே பறந்துவிட்டன. ரமாபாய் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வண்டியைத் தெருவுக்குள் விட்டாள். பயத்தில் சீட்டிலேயே மூத்திரம் போய்விட்டது. அப்படியே ஓட்டினாள்.

ஏழு பேர் உட்காரும் வண்டியில் தெருவே ஏறியது. உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சி, ஒவ்வொரு மடியிலும் குழந்தைகள். கடைசியாக ஓடிவந்த காத்தூன் பீவி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கனத்த உடம்பு. முன்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிக்கொண்டது. ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பவில்லை. ரமாபாய் இறங்கிப் பின்னால் போனாள்.

"ரமா, உட்டுட்டுப் போவாதமே" என்றாள் காத்தூன் பீவி.

ரமாபாய் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி கம்பியைப் பற்றியது. மணிக்கட்டில் ஓங்கி ஒரு குத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். காத்தூன் பீவி சாக்கடை ஓரம் விழுந்தாள். வண்டி போய்விட்டது.

ஏற்றியவர்களை இறக்கிவிட்டு ரமாபாய் திரும்பி வந்தபோது அவள் விழுந்த இடத்தில் இல்லை. யாரோ தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உயிர் பிழைத்தாள், ஆனால் நுரையீரல் வெந்துபோயிருந்தது. அதன்பிறகு அடுப்புப் புகை ஆகவில்லை. கடை போயிற்று, குரலும் கம்மிப்போயிற்று. அந்தத் துப்பல் அப்போது தொடங்கியது. ரமாபாய் ஒருநாளும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. தான் செய்ததில் தப்பு இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

குழந்தைகளுக்கு எழுதும் எழில்மொழி இதைக் கேள்விப்பட்டு அவளைத் தேடி வந்தாள். ரமாபாய் எதையும் மறைக்கவில்லை. மூத்திரம் போனதையும் சொன்னாள், விரலைப் பிரித்ததையும் சொன்னாள். எழில்மொழி தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள். சில மாதங்களில் 'அஞ்சாத அக்கா' என்று வண்ணப் புத்தகம் வந்தது. அட்டையில் ரமாபாய் சிரித்துக்கொண்டிருந்தாள். பயம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது என்று முதல் பக்கம் சொன்னது. நடுப்பக்கத்தில், முக்காடு போட்ட ஒரு பெருத்த அம்மாவின் கையைப் பிடித்து வண்டிக்குள் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்தோடு காத்தூன் பீவி ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. புத்தகத்தை ரமாபாயின் மடியில் வீசினாள்.

"இதுல கீறது யாரு? நானா?"

"நீதான்."

"என்னிய நீ தூக்கி ஏத்துனியா?"

"இல்ல. தள்ளி உட்டேன்."

"எம் பொண்ணு ஃபராவ கிளாஸ்ல எழுப்பி வச்சி, உங்கம்மாவ காப்பாத்துனவங்களுக்குக் கைதட்டுன்னு சொல்லிகீறாங்க. அவ தட்டிட்டு வந்து வூட்ல அழுவுறா. இன்னா சொல்லட்டும் நான்?"

"நானு அப்டி சொல்லல. எழுதுனவங்களப் போய்க் கேளு."

"அவங்க மூஞ்சியா அட்டைல கீது? உன் மூஞ்சிதான கீது."

அது நிஜம்தான் என்று ரமாபாய்க்குப் பட்டது. அதனாலேயே அவள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் திருவொற்றியூரில் ஃபரா படிக்கும் பள்ளியில் விழா. பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்க ரமாபாயைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் எபினேசர் பொன்னாடை போர்த்தினார். ஒரு சிறுமி மேடையேறி அந்த நடுப்பக்கத்தையே ராகம்போட்டு வாசித்தாள். அவள் முடிப்பதற்குள் ரமாபாய் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் பொய். அந்தம்மா பின்னாடி தொங்கிச்சி, வண்டி முன்னாடி தூக்கிச்சி. நானு எறங்கிப் போயி அது வெரல பிரிச்சித் தள்ளி உட்டேன். தள்ளலன்னா வண்டி கவுந்து கொழந்தைங்களும் போயிருக்கும். அந்தம்மா நொரயீரலு போனதும் என்னாலதான். ரெண்டுமே நெஜம்."

முன்வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "அப்ப நீங்க நல்லவங்களா, கெட்டவங்களா?"

"தெர்ல கண்ணு."

எபினேசர் சட்டென்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பார்த்தீர்களா மாணவர்களே, செய்த உதவியைச் சொல்லிக்காட்டக்கூடாது என்று அம்மா எவ்வளவு தன்னடக்கத்தோடு பேசுகிறார்கள்" என்றார். ஆசிரியர்கள் கைதட்டினார்கள், பிள்ளைகளும் தட்டினார்கள். நான்காவது வரிசையில் ஃபரா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரமாபாய் பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினாள்.

விழாவுக்கு வந்திருந்த எழில்மொழி பின்னாலேயே ஓடிவந்து கேட்டில் அவளைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"தள்ளி உட்டதுதான் அன்னிக்கி நான் செஞ்சதுலயே கஷ்டமான வேல. அத்த எடுத்துட்டு இன்னாத்த எழுதிகீற நீ?"

"சின்னப் பசங்கக்கா. படிச்சிட்டு ராத்திரி தூங்க வேண்டாமா? கைகொடுக்க யாராவது வருவாங்கன்னு அவங்க நம்ப வேண்டாமா?"

"ஃபராவும் சின்னப் பொண்ணுதான். அது எப்டித் தூங்கும்?"

எழில்மொழியின் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட பேசினேன் தெரியுமா? நன்றியே இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு அவள் பேசவில்லை, பதிப்பகத்திலிருந்து யாரோதான் போன் செய்தார்கள். அடுத்த அச்சில் அந்தப் படத்தை எடுத்துவிடப்போவதாகச் சொன்னார்கள். எடுத்தும் விட்டார்கள். இப்போது நடுப்பக்கத்தில் புகைக்குள் மஞ்சள் வண்டி மட்டும் போகிறது, ஆட்களே இல்லை.

விழா முடிந்த இரண்டொரு நாளில் காத்தூன் பீவி மறுபடியும் ஸ்டாண்டுக்கு வந்தாள்.

"மேடைல சொன்னியாமே. ஃபரா சொல்லிச்சி."

"ஆமா."

"சொல்லிட்டா சரியாப்பூடும்னு நெனச்சிகினியா?"

"உனக்காவ சொல்லல. அது பொய்யி, அதான் சொன்னேன்."

காத்தூன் பீவி மூச்சு சீராகும்வரை வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "இன்னொரு தபா அப்டி ஆனா இன்னா பண்ணுவ?"

ரமாபாய் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "தள்ளுவேன்."

"நானும் உன் எடத்துல இருந்தா தள்ளிதான் இருப்பேன்" என்றாள் காத்தூன் பீவி. "அதுக்காவ உன்ன உட்ற மாட்டேன், தெரிஞ்சிக்கோ."

"உடச் சொல்லி யாரு கேட்டா?"

காத்தூன் பீவி கம்பியை விட்டுவிட்டு, சுவரோரமாக நின்று நின்று நடந்து போனாள். எண்ணூர் போக மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ரமாபாய் வண்டி நிரம்பக் காத்திருக்காமல் கிளப்பினாள்.