கைத்த தேன்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் போகும் கோயிலில், அபிஷேகத் தேனைக் கரண்டியால் கையில் ஊற்றுகிற அண்ணை ஒருவர் இருந்தார். வேட்டிக்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறை. மூச்சுப் படக்கூடாதென்று வாயைத் துணியால் கட்டியிருப்பார்.

அன்று ஊற்றியது, யாரோ நேபாளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த மலைத்தேன். அரை மணித்தியாலத்தில் பலருக்குத் தலை சுற்றியது. பிரஷர் குளிசை எடுக்கும் என் அப்பா மட்டும் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். அந்த மலையில் பூக்கும் ஒரு பூவின் நஞ்சு தேனில் இருந்ததாம். இதயத் துடிப்பை அது பாதியாக்கிவிட்டது என்றார் டாக்டர். எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டார். ஒரு கரண்டி என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணை ஓடிவந்தார். துணியில்லாமல் அவர் வாயை அன்றுதான் பார்த்தேன்.

"ஊத்த முன்னம் ஒருக்கா நக்கிப் பாத்திருக்கலாமே!" என்று கத்தினேன்.

"சாமிக்குப் படைக்கிறதை முன்னம் வாயில வைக்கேலாது, தங்கச்சி. நீங்களும் சாப்பிட்டனீங்கள்தானே, கைக்கேல்லையோ?"

கைத்தது. தொண்டையும் எரிந்தது. பிரசாதத்தைக் கொட்டக்கூடாதென்று என் பங்கின் மிச்சத்தை அப்பாவின் உள்ளங்கையில் வழித்துவிட்டவள் நான். அதை அண்ணையிடம் சொல்லவில்லை. நிர்வாகத்துக்கு அவர்மேல் முறைப்பாடு மட்டும் எழுதினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அண்ணை இப்போது வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்துகிறார். என்னைக் கண்டால், "அப்பா சுகமோ?" என்று கேட்பார்.

"ஓம்" என்பேன், குனிந்து செருப்பைக் கழற்றியபடி.