பக்கத்து சீட்டம்மா சொன்ன படக்கதை

பாப்பா, தம்பி, நாம் எந்தப் படத்துக்குப் போனாலும், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஜாடை காட்டி, ‘தொணதொண ஆன்ட்டி வந்துட்டாங்க’ என்று சிரிக்கிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் முதன்முதலில் அப்படிப் பெயர் வைத்தீர்களே ஓர் அம்மா, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் கேட்டு, ‘எழுதுங்க, இனிமே என்ன’ என்று அவள் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. நமக்கு வீடு ஜூஜுவாடியில். பஸ் ஏறி டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அத்திப்பள்ளி வந்துவிடும், கர்நாடகம் தொடங்கிவிடும். அதனால் அன்றைக்கு நாலு பேரும் பெங்களூர் பஸ்ஸில் ஏறியது உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. அம்மாவுக்கு கேஸ் டிரபிள், ஸ்கேன் எடுத்திருக்கிறோம், அந்த ரிப்போர்ட்டை வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம்.

அது கேஸ் டிரபிள் இல்லை. அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. பூப்பண்ணை ஷெட்டில் ரோஜாக்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கை பட்டுத் தெரிந்ததாம். இரண்டு நாள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். இது சாதாரணக் கட்டியா, இல்லை அந்தப் பெரிய வியாதியா என்று அந்த ரிசல்ட் வந்தால்தான் தெரியும் என்றார்.

காத்திருந்த அந்த ஒரு வாரம் நான் கம்பெனியில் மிஷின் முன்னால் நின்றேன், அவ்வளவுதான். போட்ட பீஸ் பாதி ரிஜெக்ட் ஆனது. சூப்பர்வைசர் வந்து, ‘என்னப்பா, இந்த வயசுல லவ்வா’ என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லி வைத்தேன். அம்மா வீட்டில் எல்லா வேலையும் செய்தாள், உங்களை அதட்டினாள், டிவி பார்த்தாள். சிரிப்பு மட்டும் இல்லை. நீங்கள் ‘என்னம்மா’ என்று கேட்டபோதெல்லாம், ‘ஒண்ணுமில்ல’ என்பாள்.

அன்றைக்குப் போனால், ரிப்போர்ட் சாயங்காலம்தான் வரும், டாக்டரும் அப்போதுதான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே போனுக்கு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். போன் தம்பி கைக்குப் போனதும், பாப்பா, நீ எதிர் சுவரில் இருந்த போர்டை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாய். அதில் எந்த வியாதிக்கு எந்த ரூம் என்று எழுதியிருந்தது. அம்மா என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“இங்கயே உட்கார்ந்திருந்தா இதுங்க கண்டுபிடிச்சிடும்ங்க. எங்கயாவது கூட்டிட்டுப் போங்க.”

எங்கே போவது? பக்கத்தில் ஒரு பெரிய மால் இருந்தது. அதில் சினிமா தியேட்டர் இருந்தது.

நான் எப்படிப்பட்ட அப்பா என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் டிரெய்லரைக் காட்டினால், ‘பொறு, போன்லயே வந்துடும்’ என்பேன். உங்கள் ஹீரோ படம் என்றால், ‘எத்தனை பேரை வெட்டறான்?’ என்பேன். தப்பித் தவறிக் கூட்டிப் போனாலும் பையில் முறுக்கு எடுத்துப் போய், வாசலிலேயே செக்யூரிட்டியிடம் பறிகொடுத்துவிட்டு, இன்டர்வெல்லில் பாப்கார்ன் பக்கம் திரும்பாமல் கூட்டி வருவேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு நீங்கள் கேட்காமலேயே படத்துக்குப் போகலாம் என்றேன். இருப்பதிலேயே பெரிய பாப்கார்ன் டப்பாவை வாங்கி உங்கள் கையில் கொடுத்தேன். பாப்பா, நீ என்னைச் சந்தேகமாகப் பார்த்து, “அப்பா, போனஸ் போட்டுட்டாங்களா?” என்றாய். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

டிக்கெட் கவுன்டரில் என்ன படம் என்றுகூட நான் பார்க்கவில்லை. நாலு சீட் சேர்ந்தாற்போல் எதில் இருக்கிறது என்று கேட்டு வாங்கினேன். எனக்கு வேண்டியது ஓர் இருட்டான இடம். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். படம் ஆரம்பித்த பிறகுதான் தம்பி, நீ என் காதில், “அப்பா, இது கன்னடப் படம்பா” என்றாய்.

உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. தெருவில் விளையாடியே கன்னடம் பழகிவிட்டீர்கள். எனக்கும் அம்மாவுக்கும்தான், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இத்தனை வருடம் ஆகியும், காய்கறி விலை கேட்கிற அளவுக்கு மேல் வரவில்லை. படம் காமெடிப் படம். தியேட்டரே சிரிக்கிறது, நீங்களும் சிரிக்கிறீர்கள். நான் திரையைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மாறி மாறி அவள் முகத்தில் அடித்தது. அவள் கண் திரையில் இருந்தது, அவள் அங்கே இல்லை.

அம்மாவுக்கு அந்தப் பக்கத்து சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தனியாக வந்திருந்தார். மடியில் ஒரு பெரிய ஹேண்ட்பேக். கொஞ்ச நேரமாகவே அவர் உங்கள் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், தாய் சிரிக்கவில்லை. பாஷை தெரியவில்லை, பாவம் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. நாம் பேசிக்கொண்டது தமிழ் என்பதும் காதில் விழுந்திருக்கும். மெதுவாகச் சாய்ந்து, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

“இவன் கல்யாண வீட்டுக்கு மைக் செட் போட வந்த பையன்மா. சமையல்காரன்னு நெனச்சு உள்ள கூட்டினு வந்துட்டாங்க. உப்பு எது, சர்க்கரை எதுன்னே தெரியாது இவனுக்கு.”

அம்மா ஒப்புக்குத் தலையாட்டினாள். அவர் விடவில்லை. இப்போது கல்யாண வீட்டுப் பெரியவர், சாம்பாருக்கு என்ன பருப்பு போடுவாய் என்று கேட்கிறாராம், இவன் எல்லாப் பருப்பும் என்கிறானாம். அந்தப் படத்தை அவர் இரண்டாவது தடவையாகப் பார்க்கிறாராம். அதனால் ஜோக் வருவதற்கு முன்பே அவரிடமிருந்து வந்துவிடும். எனக்கு எரிச்சல் வந்தது. இருக்கிற நிலையில் இது வேறா என்று நினைத்து, அம்மாவின் கையைத் தட்டி, இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறாயா, நான் அங்கே வந்துவிடுகிறேன் என்றேன்.

அவள், “வேணாங்க. அந்தம்மா சொல்லட்டும்” என்றாள்.

அதற்கப்புறம் அந்தக் காட்சி வந்தது. மைக் செட் பையன் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, தாங்க முடியாமல், சமைக்கவே தெரியாது, காப்பாத்து என்று சாமியிடம் புலம்பப் போகிறான். சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக்கை அவன் மறந்துவிட்டான். பக்கத்து சீட்டம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நோடும்மா, இப்போ பாரு, மைக்கை ஆஃப் பண்ணல இவன். பேசறது பூரா கல்யாண வீட்டுக்கே கேக்கப் போவுது.”

அவன் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அவன் புலம்பல் ஸ்பீக்கரில் வந்து, பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் இலையிலிருந்து கையை எடுத்தபோது, அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தம்மாவுக்குச் சிரிப்பில் வந்த தண்ணீர்தான். தான் கதை சொன்ன அழகு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஹேண்ட்பேக்கைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

இன்டர்வெல் முடிந்து கொஞ்ச நேரத்தில் என் போன் அதிர்ந்தது. வெளியே போய் எடுத்தேன். ரிப்போர்ட் வந்துவிட்டது, டாக்டரும் வந்துவிட்டார் என்றது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல். என்ன ரிசல்ட் என்று கேட்டேன். டாக்டர்தான் சொல்வார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தியேட்டர் கதவைத் திறந்து உள்ளே வந்து குனிந்து அம்மாவிடம் சொன்னேன், போகலாமா என்று.

அவள், “முடியட்டுங்க. இன்னும் கொஞ்சந்தான் இருக்குன்னு சொல்றாங்க. பார்த்துட்டே போவோம்” என்றாள்.

காலையில் எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று கெஞ்சியவள் இவள்தானா என்றிருந்தது. நானும் உட்கார்ந்தேன். அந்தம்மா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவர் எழுந்து, வரேன்மா என்றார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். அவர் கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டார். தம்பி, நீ உடனே, “அப்பாடா, தொணதொண ஆன்ட்டி போயிட்டாங்க” என்றாய். பெயர் வந்தது அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, இது சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார். எனக்குப் புரிந்தது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர் என்றேன். அவர் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தடவை சொன்னார். அம்மா நாற்காலியில் அப்படியே சாய்ந்துகொண்டாள். அந்த ஒரு வாரமும் இறுக்கிப் பிடித்திருந்த தோள் இரண்டும் கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பாப்பா, நீ அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா என்று கேட்டாய்.

“ஒண்ணுமில்ல” என்றாள். அப்புறம் உன்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “நிஜமாவே ஒண்ணுமில்ல” என்றாள்.

நீங்கள் பஸ்ஸில் தூங்கிவிட்டீர்கள். நானும் அம்மாவும் அந்த மைக் செட் பையனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

அந்தப் பக்கத்து சீட்டம்மாவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது இன்றுவரை தெரியாது. பாஷை தெரியாத ஒருத்திக்கு ஜோக் சொன்னோம் என்றுதான் நினைத்திருப்பார். அவர் கணக்குத் தப்பு. ஆனால் ஒரு வாரமாக நானோ நீங்களோ கொண்டுவர முடியாத சிரிப்பை அந்தத் தப்புக் கணக்கோடு வந்தவர்தான் கொண்டுவந்தார். பக்கத்தில் ஒருத்தர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. காரணம் சரியாகத் தெரிந்த பிறகுதான் கை நீட்டுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. நானாக இருந்தால் காத்திருந்திருப்பேன்.

இன்னும் ஒன்று, இது அம்மாவுக்கும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஒரு சின்ன வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேனே, அன்றைக்கு நான் கம்பெனிக்குப் போகவில்லை. பஸ் ஏறி அதே தியேட்டருக்குப் போய், அதே படத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். முதல் தடவை உங்கள் அம்மா முகத்தைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை அல்லவா. அந்தப் பையன் அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்தான். சட்டையில் மைக் தெரிந்தது. தியேட்டர் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த வாரம் முழுக்கச் சிரிக்காமல் வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே உட்கார்ந்து சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தேன்.